வேதனம் நீங்கிய தொழிற்சாலை: யூகோசிலாவியத் தொழிலாளர் சுயமுகாமையின் வரலாறு

கைத்தொழிற் புரட்சியின் பின் தோன்றிய தொழிற்சாலை மூன்று தூண்களின் மேல் நின்றது எனலாம். மேலிருந்து கீழிறங்கும் கட்டளை ஒன்று. அக்கட்டளையின் படிகளைக் குறிக்கும் பதவி மற்றொன்று. ஒவ்வொரு படிக்கும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட வேதனம் மூன்றாவது. உடைமை தனியாரிடம் இருந்த நாடுகளிலும், அரசிடம் இருந்த நாடுகளிலும் இவ்வமைப்புப் பெரிதும் வேறுபடவில்லை. இதனை ஒரு நாடு முழுவதிலும் சட்டத்தின் வாயிலாக மாற்றியமைக்க முனைந்த முயற்சி, யூகோசிலாவியாவில் 1950 தொடக்கம் 1988 வரை நடைபெற்றது. நிலையான வேதனம் தொழிலாளனுக்கு விலங்கா, அன்றிக் காப்பா என்னும் வினாவுக்கு அவ்வரலாறு தரும் விடையினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1948 ஜூன் மாதத்தில் கொமின்போம் அமைப்பிலிருந்து யூகோசிலாவியக் கம்யூனிஸ்ட் கட்சி வெளியேற்றப்பட்டது. ஸ்டாலினுடன் முரண்பட்ட டிட்டோவும் அவர்தம் தோழர்களும், சோவியத் முறையினின்றும் வேறான சமவுடைமைப் பாதை ஒன்றினைத் தம் மக்களுக்குக் காட்டவேண்டிய நிலைக்கு உள்ளாயினர். எட்வர்ட் கார்டெல், மிலோவான் ஜிலாஸ், பொரிஸ் கிட்ரிச் ஆகியோர் மார்க்சின் எழுத்துக்களை மீளவும் கற்று, உற்பத்தியாளரின் சுதந்திரக் கூட்டு என்னும் கருத்தினை முன்வைத்தனர். 1949 டிசம்பரில் 215 பெரிய நிறுவனங்களில் ஆலோசனைச் சபைகளை அமைக்கப் பணிக்கப்பட்டது. முதலாவது தொழிலாளர் சபை, ஸ்பிளிட் நகருக்கு அண்மையிலுள்ள சோலின் என்னும் ஊரின் சீமெந்துத் தொழிற்சாலையில் அம்மாத இறுதியில் கூடிற்று.

1950 ஜூன் 27ஆந் திகதி நிறைவேறிய அடிப்படைச் சட்டம் ஆலோசனையை அதிகாரமாக மாற்றியது. இச்சட்டத்தின்படி 15 முதல் 120 வரையான உறுப்பினர் கொண்ட சபையினைத் தொழிலாளர் இரகசிய வாக்கெடுப்பினால் தெரிவு செய்தனர். முப்பதின்மருக்குக் குறைந்தோர் பணிபுரியும் நிறுவனங்களில் அனைவருமே சபையினராயினர். சபை தெரிவு செய்த முகாமைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் நேரடி உற்பத்தியில் ஈடுபடுவோராக இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. எனினும் பணிப்பாளர் என்னும் பதவி ஒழிக்கப்படவில்லை. தொடக்கத்தில் அவரை நியமிக்கும் உரிமையும் அரசிடமே இருந்தது.

1950களின் பிற்பகுதியில் வேதனம் என்னும் சொல்லே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதனிடத்தைத் 'தனியாள் வருமானம்' என்னும் தொடர் பெற்றது. உழைப்பை விற்றுக் கூலி பெறுபவனாகத் தொழிலாளன் இனிக் கருதப்படலாகாது; நிறுவனம் ஈட்டியதில் தன் பங்கினைப் பெறுபவனாகவே அவன் கருதப்படுதல் வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை புள்ளிகள் எனச் சபையே விதிசெய்தது. புள்ளி ஒன்றின் பெறுமதி நிறுவனத்தின் வருவாயோடு ஏறியும் இறங்கியும் வந்தது.

இறங்கிய வேளையில் நேர்ந்தது யாது? 1958 ஜனவரியில் சிலோவேனியாவின் திர்போவ்லியே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். போருக்குப் பிந்திய யூகோசிலாவியாவின் முதலாவது பெரும் வேலைநிறுத்தம் இதுவே. சுரங்கத்தின் வருவாயைப் பங்கிடும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஆயின் அவ்வருவாயைத் தீர்மானிக்கும் நிலக்கரி விலையினை அரசே கட்டுப்படுத்தி வந்தது. சட்டம் குறைந்தபட்ச வருமானம் ஒன்றினை உறுதி செய்திருந்தபோதிலும், தமது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட விலையின் சுமையினைத் தொழிலாளர் தம் இல்லங்களிலேயே தாங்க நேரிட்டது. சொந்தத் தொழிற்சாலைக்கு எதிராகத் தொழிலாளர் போராட முடியாது என்பது கோட்பாடு. ஆதலின் அதன்பின் நிகழ்ந்த வேலைநிறுத்தங்களுக்கு 'வேலைத் தடை' என வேறு பெயர் வழங்கலாயிற்று.

கட்டளை அதிகாரத்துக்கு நேர்ந்ததும் சிந்திக்கத்தக்கதே. 1960களில் சபைக் கூட்டங்களை நேரில் அவதானித்த சமூகவியலாளர் யோசிப் ஒப்ரடோவிச், அங்கே கூடுதலாகப் பேசியோரும் ஏற்கப்பட்ட முன்மொழிவுகளைக் கொணர்ந்தோரும் பெரும்பாலும் உயர் முகாமையாளரும் தொழில்நுட்பக் கல்வி பெற்றோருமே எனக் கண்டார். கைகளை உயர்த்தும் உரிமை அனைவர்க்கும் இருந்தது. கணக்கேட்டினை வாசித்தறியும் ஆற்றலோ சிலரிடமே இருந்தது. பதவியினின்று அகற்றப்பட்ட அதிகாரம் அறிவிடம் குடிபுகுந்தது எனக் கூறின் மிகையாகாது.

1965ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தம் நிறுவனங்களைச் சந்தைக்குள் மேலும் தள்ளியது. வருவாய் உறுப்பினரிடையே பங்கிடப்படுவதாயின், புதியவர் ஒருவரைச் சேர்ப்பது ஏனையோரின் பங்கினைக் குறைக்கக்கூடும் என அமெரிக்கப் பொருளியலாளர் பெஞ்சமின் வார்ட் 1958இலேயே வாதிட்டிருந்தார். வேலையின்மைக்கு இது ஒன்றே காரணமன்று எனினும், பல இலட்சம் யூகோசிலாவியர் மேற்கு ஐரோப்பாவில் கூலி வேலை தேடிச் சென்றமை நோக்கற்பாலது. மேற்கு ஜேர்மனியுடன் 1968இல் ஆட்சேர்ப்பு உடன்படிக்கையும் கைச்சாத்தாயிற்று. வேதனத்தை ஒழித்த நாடு, தன் மக்களை வேதனம் தேடி அனுப்பியது.

அதிகாரம் முகாமையாளரிடம் குவிவதைத் தடுக்கும் நோக்குடன் 406 உறுப்புரைகள் கொண்ட 1974ஆம் ஆண்டின் அரசியலமைப்பும், 1976ஆம் ஆண்டின் கூட்டுழைப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் கணக்கும் சபையும் கொண்ட சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டது. இதன் விளைவாகக் கூட்டங்களும் உடன்படிக்கைகளும் பெருகின. நட்டத்துக்குப் பொறுப்பேற்பார் யார் என்பதோ தெளிவற்றுப் போயிற்று. 1980களின் தொடக்கத்தில் வெளிநாட்டுக் கடன் ஏறத்தாழ 2,000 கோடி டொலராயிற்று. 1987இல் பொஸ்னியாவின் அக்ரோகொமேர்ஸ் நிறுவனம் ஈடின்றி வெளியிட்ட கடன் பத்திரங்கள் அம்பலமாயின. 1988 டிசம்பரில் நிறைவேறிய நிறுவனச் சட்டம் தனியார் உடைமைக்கும் கலப்புடைமைக்கும் வழி திறந்து, சுயமுகாமையின் தனியாட்சிக்கு முடிவு கட்டியது. சில ஆண்டுகளில் அக்கூட்டாட்சியே சிதைந்தது.

இம்முடிவினை மட்டும் கொண்டு முயற்சி முழுவதையும் வெறும் நாடகம் எனத் தள்ளுதல் வரலாற்று நோக்காகாது. 1948இல் மக்களுள் மூன்றில் இரு பங்கினர் வேளாண்மையைச் சார்ந்திருந்த நாடு அது. அங்குக் கிராமத்திலிருந்து வந்த முதற்றலைமுறைத் தொழிலாளர் முதலீடு, வீடமைப்பு, வருமானப் பங்கீடு என்பன பற்றி விவாதித்து வாக்களித்தனர். 1950களில் அந்நாட்டின் கைத்தொழில் வளர்ச்சியும் மிக விரைவானதே.

ஆயினும் நாம் எழுப்பிய வினாவுக்கு விடை தெளிவு. நிலையான வேதனம் பணிவின் அடையாளம் என்பது உண்மையே. அதேவேளை, சந்தையின் ஏற்ற இறக்கம் உழைப்போனின் உணவுக்கலத்தை எட்டாதவாறு தடுக்கும் சுவரும் அதுவே. விலை, கடன், கணக்கு ஆகியவற்றின் மீதான அதிகாரம் அவன் கைக்கு வருமுன் அச்சுவர் அகற்றப்படின், அவன் உரிமையாளன் ஆவதில்லை. உரிமையாளனின் நட்டத்துக்கு மாத்திரம் பங்காளன் ஆகின்றான். பதவிகளும் நிலையான சம்பளமும் அற்ற நிறுவனங்களை அமைக்க விழைவோர் எந்நாட்டினராயினும், திர்போவ்லியேச் சுரங்கத் தொழிலாளரின் அனுபவத்தினை முதலில் கற்றல் வேண்டும்.