பப்பைன்

பப்பைன், பப்பாளியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலில் உள்ள, புரதத்தைச் சிதைக்கும் நொதி. நொதியைத் தனியே பிரிக்காமல் வெறுமனே உலர்த்திய பாலும் சந்தையில் இதே பெயரில் விற்கப்படுவதால், பெயர் இரண்டு பொருளில் வழங்குகிறது. வணிகருக்குப் பப்பைன் பல நொதிகள் கலந்த ஒரு தூள். வேதியியலாருக்கு அது ஒரே ஒரு மூலக்கூறு. அந்த மூலக்கூறு பாலில் சிறு பங்காகவே இருக்கிறது. கைமோபப்பைன் என்ற உடன்பிறப்பு அதைவிட மிகுதி.

தூய பப்பைன் 212 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி. மூலக்கூற்று எடை சுமார் 23,400. சங்கிலியின் 25ஆம் இடத்திலுள்ள சிஸ்டீனும் 159ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடினும் சேர்ந்தே புரதத்தை வெட்டுகின்றன. சிஸ்டீனின் கந்தகம் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தாலோ, பாதரசம் போன்ற கன உலோகம் அதைப் பிடித்துக்கொண்டாலோ நொதி முடங்கும். தனிச் சிஸ்டீனைச் சேர்த்தால் பெரும்பாலும் மீண்டும் இயங்கும். கார அமில நிலை 6 முதல் 7 வரையிலும் வெப்பம் 65 பாகை செல்சியசை ஒட்டியும் இருக்கும்போது வேகம் மிகுதி. பெரும்பாலான நொதிகள் குலைந்துபோகும் சூட்டில் இது சுறுசுறுப்படைவதும், அடர்ந்த யூரியாக் கரைசலில்கூடச் செயல் இழக்காததும் இதன் தனிச்சிறப்புகள். கடும் அமிலத்தை மட்டும் தாங்காது, 2.8க்குக் கீழே திறன் விரைவாகக் குறையும். உலர்ந்த தூள் நெடுநாள் கெடாது, கரைசல் அப்படியன்று.

பப்பாளியின் தாயகம் மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவும். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரும் போர்த்துகீசியரும் அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தனர். முற்றிய இறைச்சியை அதன் காயோடு வேகவைத்தால் மென்மையாகும் என்பதை 18ஆம் நூற்றாண்டில் மேற்கிந்தியத் தீவுகளின் இயற்கை வரலாற்றை எழுதியவர்கள் குறித்துள்ளனர். ஆட்டுக்கறி சீக்கிரம் வேக ஒரு துண்டு பப்பாளிக் காயைப் போடுவது தமிழ்நாட்டு அடுக்களைகளிலும் உள்ள வழக்கமே. பப்பாளி இலைகளுக்கிடையே இறைச்சியைத் தொங்கவிட்டாலே போதும், காற்றின் வழியாகவே அது மென்மையாகிவிடும் என்றும் பழைய நூல்கள் சொல்கின்றன. நொதி ஆவியாகும் பொருளன்று. ஆகையால் இலையின் பால் இறைச்சியில் நேரே பட்ட அனுபவமே இப்படிப் பெருக்கிச் சொல்லப்பட்டிருக்கலாம்.

வேதியியல் வரலாறு 1870களில் தொடங்குகிறது. 1873இல் ஜி. சி. ராய் என்பவர் பப்பாளிப் பால் உணவுப் புரதத்தைக் கரைக்கும் விதத்தைக் கல்கத்தா மருத்துவ இதழொன்றில் விவரித்தார். 1879இல் பாரிசில் வூர்ட்சும் புஷுவும் பாலிலிருந்து செயற்பொருளைப் பிரித்துப் பெயரிட்டனர். ஏறத்தாழ அதே காலத்தில் பிரேசிலில் பெக்கோல்ட் ‘பப்பயோட்டின்’ என்ற பெயரில் அதே வகைப் பொருளை வெளியிட்டார். யார் முந்தியவர் என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. ராயைக் கண்டுபிடிப்பாளராகச் சொல்வோரும் உண்டு, அவரை விட்டுவிட்டு வூர்ட்சில் தொடங்குவோரும் உண்டு. வூர்ட்ஸ் 1880இல் செய்த சிறு சோதனை ஒன்று இந்தச் சச்சரவைவிடச் சுவையானது. இரத்த ஃபைப்ரினைப் பப்பைனில் நனைத்து, பலமுறை நீரில் அலசிய பிறகும், அது தானே கரைந்துகொண்டே போனது. நொதி தான் வெட்டும் பொருளோடு முதலில் ஒட்டிக்கொள்கிறது என்ற கருத்துக்கு இது மிகப் பழைய சான்றுகளில் ஒன்று.

தொழில் முறையில் பால் வடிப்பதில் இரண்டாம் உலகப் போர் வரை இலங்கை முன்னணியில் இருந்தது. பின்னர் கிழக்கு ஆப்பிரிக்காவும் காங்கோவும் அவ்விடத்தைப் பிடித்தன. முறை எங்கும் ஒன்றுதான். காய் பிடித்துச் சுமார் பத்து வாரமானதும், வெயில் ஏறுமுன், மேலிருந்து கீழாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் சில கீறல்கள் போடப்படும். அதற்கு மேல் ஆழ்த்தினால் காய் கெடும். இரும்பு பட்டால் பால் கறுத்து நொதியும் கெடும் என்பதால் மூங்கில் சிம்பு, எலும்பு, கண்ணாடிச் சில்லு என்று கைக்குக் கிடைத்தவையெல்லாம் கத்தியாயின. இன்று துருப்பிடிக்காத எஃகு அலகு போதும். சொட்டும் பால் நிமிடங்களில் உறைந்துவிடும். அதைத் திரட்டி, பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் சேர்த்து, 50 முதல் 55 பாகையில் உலர்த்திச் சலிப்பார்கள். சில நாள் இடைவெளியில் அதே காய் மறுபடி கீறப்படும். பால் எடுத்த காய்கள் வீணாவதில்லை. டூட்டி புரூட்டியாகப் பேக்கரிகளுக்குப் போகின்றன. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பாலுக்கென்றே சில வகைகளைத் தெரிவுசெய்தது. 1985இல் வந்த கோ 5 ஒரு காய்க்கு 14 முதல் 15 கிராம் வரை உலர்ந்த பப்பைன் தருவது.

பீர்த் தொழில்தான் நொதியின் முதல் பெரிய வாடிக்கையாளர். குளிரூட்டிய பீரில் புரதமும் டானினும் சேர்ந்து கலங்கலை உண்டாக்கும். அதைத் தடுக்கப் பப்பைனைப் பயன்படுத்தும் உரிமத்தை 1911இல் நியூயார்க்கின் லியோ வாலர்ஸ்டைன் பெற்றார். இறைச்சி மென்மையாக்கும் தூள், தோல் பதனிடுதல், பட்டுப் பசை நீக்குதல், புரத நீர்மங்கள் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. தூவிய தூள் இறைச்சிக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. இதைச் சமாளிக்க அமெரிக்காவில், அறுப்பதற்குச் சற்று முன் மாட்டின் இரத்தக் குழாயிலேயே நொதியை ஏற்றும் முறைகூட நடப்பில் இருந்தது.

1937 முதல் 1968 வரையிலான முப்பது ஆண்டுகள் ஆய்வகப் பப்பைனின் பொற்காலம். 1930களின் இறுதியில் பால்சும் லைன்வீவரும் அதைப் படிகமாக்கினர். 1950களின் இறுதியில் லண்டனில் ராட்னி போர்ட்டர், முயலின் எதிர்ப்பொருளைப் படிகப் பப்பைனால் வெட்டி மூன்று துண்டுகள் பெற்றார். இரண்டு துண்டுகள் அயற்பொருளைப் பற்றும் திறன் கொண்டவை. மூன்றாவது தானாகப் படிகமானது. எதிர்ப்பொருளின் வடிவம் தெளிவானதற்கு இந்த வெட்டே அடிப்படை. 1972இல் எடெல்மனோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1967இல் இஸ்ரேலின் ஷெக்டரும் பெர்கரும் பப்பைனில் புரதம் பொருந்தும் பிளவில் ஏழு உள்ளிருக்கைகள் இருப்பதைக் காட்டி அவற்றுக்கு இட்ட குறியீட்டைத்தான் இன்று எல்லாப் புரதச் சிதைப்பிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் டிரெந்த் குழு முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டது.

முயலின் கதை தனி. அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ் வேறொரு நோக்கத்தில் முயல்களுக்குப் பப்பைனை ஊசியில் ஏற்றியபோது, நிமிர்ந்த காதுகள் சில மணி நேரத்தில் தொய்ந்தன. சில நாளில் மறுபடி நிமிர்ந்தன. நுண்ணோக்கியில் ஒன்றும் புலப்படாததால் அவர் அதை விட்டுவிட்டார். பல ஆண்டு கழித்து, மாணவர்களுக்காக இயல்பான காதையும் தொய்ந்த காதையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் குருத்தெலும்பின் இடைப்பொருள் குறைந்திருப்பது தெரிந்தது. கட்டுரை 1956இல் வந்தது. அதே காட்சியைக் கண்டும் தொடராமல் விட்ட இன்னொரு ஆய்வாளரும் இருந்தார். இருவரையும் ஒப்பிட்டு 1958இல் சமூகவியல் இதழொன்று கட்டுரையே வெளியிட்டது. இந்தக் காதுகளைப் பின்பற்றி லைமன் ஸ்மித் என்ற மருத்துவர் பிதுங்கிய முதுகெலும்பு வட்டுக்குள் கைமோபப்பைனைச் செலுத்தும் சிகிச்சையை 1960களில் தொடங்கினார். அமெரிக்காவில் 1982இல் ஒப்புதல் பெற்ற அம்மருந்து, கடும் ஒவ்வாமை அச்சத்தால் செல்வாக்கு இழந்து, 2003இல் சந்தையிலிருந்து விலகியது.

கையாளுதலில் முதன்மை ஆபத்து தூசி. பப்பைன் தூளைத் தொடர்ந்து சுவாசிப்போர் சிலருக்கு உடல் அதைப் பகையாக அறிந்துகொள்ளும். அதன்பின் மிகச் சிறு அளவே ஆஸ்துமாவைத் தூண்டும். இத்தகைய தொழிற்சாலை நோயாளிகள் 1970களிலிருந்தே மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளனர். சலவைத்தூள் நொதிகளின் தீங்கை 1969இல் வெளிப்படுத்திய பிளிண்ட் என்ற ஆங்கில மருத்துவரே 1978இல் பப்பைனைப் பற்றியும் எழுதினார். ஈரத் தோலையும் கண்ணையும் தூள் அரிக்கும். பால் வடிப்போரின் விரல்களில் புண்ணாவது இதனால்தான். ரப்பர்ப் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. எடைபோடும் இடத்தில் உறிஞ்சும் காற்றோட்டமும், நுண்துகள் வடிக்கும் முகமூடியும், கையுறையும், கண்ணாடியும் வேண்டும். சிந்திய தூளை விளக்குமாற்றால் பெருக்குவதோ அழுத்தக் காற்றால் ஊதுவதோ கூடாது. ஈரத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். தூளுக்குப் பதில் குருணையாகவோ நீர்மமாகவோ வாங்கினால் தொல்லையில் பெரும்பகுதி தொடங்கும் முன்னரே நீங்கும். இறுக மூடிய கலனில், ஈரமும் ஒளியும் படாமல், குளிரில் வைப்பது முறை.

அண்மைச் செய்திகள் சிலவே. 2003இல் பிரேசிலில் சொத்தைப் பல்லின் மென்பகுதியை மட்டும் நீக்கும் பப்பைன் கூழ் அறிமுகமானது. 2008இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம், ஒப்புதல் பெறாத பப்பைன் புண் களிம்புகளை விற்பதை நிறுத்தச் சொன்னது. கோவிட் தீநுண்மியின் புரதச் சிதைப்பிகளில் ஒன்று ‘பப்பைனை ஒத்தது’ என்றே வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதைத் தடுக்கும் மருந்துக்கான தேடல் நடந்துவருகிறது.