இ-இன்வோய்ஸ் மென்பொருள்: கடைக்கு யாரை வைப்பது, பொறுப்பு யாருடையது?

கணினித் திட்டம் என்றாலே கோலாலம்பூர் கம்பெனிகளின் வேலை என்று ஈப்போ லிட்டில் இந்தியா வணிகர்கள் ஒதுங்கியிருந்த காலம் போய்விட்டது. 2015 ஏப்ரல் 1ஆம் தேதி 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தபோது பலர் அவசரமாக மென்பொருள் வாங்கினார்கள். 2018 ஜூன் 1 முதல் அந்த வரி பூஜ்ஜியமானது. மென்பொருளின் வரிப் பகுதிக்கு மூன்றே ஆண்டுகளில் வேலை இல்லாமல் போனது.

இப்போது இ-இன்வோய்ஸ். ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்களிடம் 2024 ஆகஸ்டு 1இல் இதைத் தொடங்கிய உள்நாட்டு வருமான வரி வாரியம், படிப்படியாக இறங்கி, 2026 ஜனவரி 1 முதல் 50 லட்சம் வெள்ளி வரை விற்பனை உள்ள வணிகங்களுக்கும் கொண்டுவந்துள்ளது. 10 லட்சம் வெள்ளிக்குக் குறைவான கடைகளுக்கு விலக்கு உண்டு.

முதலில் கேட்க வேண்டியது, மென்பொருள் தேவைதானா என்பது. வாரியத்தின் மைஇன்வோய்ஸ் இணையத்தளம் இலவசம். நாளுக்கு நாலைந்து பில் எழுதும் மொத்த வியாபாரிக்கு அதுவே போதும். நூற்றுக்கணக்கில் பில் போடும் கடைதான் தன் கணக்கு மென்பொருளை வாரியத்தோடு நேரடியாக இணைக்க யோசிக்க வேண்டும். செலவு கூடுவதும் சண்டை வருவதும் இந்த இணைப்பு வேலையில்தான்.

அண்ணன் மகன் ஐடி படித்திருக்கிறான், அவனிடமே விடலாம் என்பது வழக்கமான யோசனை. அவனுக்கு நிரல் தெரியும்; கடன் கணக்கில் வாங்கிப் போகிறவர் யார், திருப்பிக் கொடுத்த சேலைக்கு எப்படி வரவு வைப்பது என்பது கல்லாவில் இருப்பவருக்குத்தான் தெரியும். தோட்டத்தில் துரை மரம் வெட்டியதில்லை. பெரட்டில் யார் வந்தார், எந்த நிரையில் எவ்வளவு பால் என்பது கிராணிக்கும் தண்டலுக்கும் தெரியும். மென்பொருள் வேலையிலும் அப்படி ஓர் ஆள் கடை தரப்பில் இருக்க வேண்டும். அவருடைய அன்றாட வேலையில் பாதியை வேறொருவரிடம் கொடுத்தால்தான் இது நடக்கும். பெரும்பாலான கடைகள் தவறவிடுவது இதைத்தான்.

வேலை தாமதமானால் கூட ஆள் போடச் சொல்வார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய மென்பொருள் திட்டமொன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடும் என்று 1975இலேயே எழுதினார். புதியவருக்குப் பழையவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐந்து பேர் ஒருவரோடு ஒருவர் பேச 10 வழிகள். பத்துப் பேர் என்றால் 45.

கூலி பேசும் முறையும் முக்கியம். அந்தக் காலத்தில் வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. நாள் கணக்கில் கட்டணம் வாங்கும் மென்பொருள் குத்தகையும் கிட்டத்தட்ட அதே ரகம்: நாள் கூடினால் காசு கூடும். மொத்த விலை பேசினால் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் தனி பில் வரும். ஒரு மாத பில்களைச் சேர்த்து, மாதம் முடிந்த 7 நாளுக்குள் பிழையின்றி அனுப்பிக் காட்டிய பிறகு ஒரு தவணை. தவறான இன்வோய்ஸை 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்து காட்டிய பிறகு இன்னொரு தவணை என்று எழுதிக்கொள்வது நல்லது.

இந்த வேலைகளுக்கு வருபவர்களில் சுங்கை சிப்புட், சிம்மோர் தோட்டப் பிள்ளைகளும் உண்டு. 'காண்ட்ராக்ட்' என்ற ஒரு சொல்லால் அவர்களின் சேமநிதியும் பெர்கேசோவும் போய்விடக் கூடாது. 5,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடும் ஊழியர் 11 விழுக்காடும் இபிஎஃப் கட்ட வேண்டும். 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின் 101சி பிரிவையும் இரு தரப்பும் படித்துக்கொள்ளலாம். எழுத்து ஒப்பந்தம் இல்லாத நிலையில், வேலை நேரத்தையும் வேலை முறையையும் முதலாளியே தீர்மானித்தால், அச்சட்டத்தின் கீழ் வரும் வழக்கில் அவர் ஊழியர் என்றே அனுமானிக்கப்படும்.

காசு கொடுத்து எழுத வைத்த நிரலின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1987 காப்புரிமைச் சட்டப்படி பணி கொடுத்தவருக்கே சேரும். ஆனால் உரிமை இருந்தும் நிரல் கையில் இல்லாவிட்டால் பயனில்லை. கடைசித் தவணைக்கு முன் மூல நிரலின் பிரதியை வாங்கி வைக்க வேண்டும். மைடெக்ஸ் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்கத் தேவையில்லை. மென்பொருள் நிறுவனத்தை மைஇன்வோய்ஸில் இடைத்தரகராகப் பதிந்து, வேண்டிய அனுமதியை மட்டும் கொடுக்கலாம். உறவு முறிந்தால் அன்றே நீக்கிவிடலாம்.