இறைவணக்கமா, மனிதத் தேவையா? வரலாறு கூறுவது என்ன?

ஒவ்வோர் ஆண்டும் பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. பள்ளிவாசலின் பணிகளுக்குச் செலவிடுவதா, ஏழைக் குமரின் திருமணத்துக்கும் நோயாளியின் மருத்துவத்துக்கும் கொடுப்பதா? கேள்வி சிறிது, அதன் வேர் ஆழமானது. மார்க்கம் முதலில் வைக்க வேண்டியது இறைவணக்கத்தையா, மனிதனின் தேவையையா என்பதே அது. மக்களுக்குத் தொண்டு செய்தால் போதும், தொழுகை எதற்கு என்று கேட்கும் இளைஞர்களை இன்று காண்கிறோம். ஐவேளையும் பள்ளிக்கு வந்தால் போதும், மற்றவையெல்லாம் உலக விவகாரம் என்று ஒதுங்கிக் கொள்ளும் பெரியவர்களையும் காண்கிறோம். இரு சாராருக்கும் சேர்த்தே வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மறைந்த ஹிஜ்ரி 11ஆம் ஆண்டிலேயே (கி.பி. 632) இக்கேள்வி எழுந்துவிட்டது. அரபுக் குலத்தார் சிலர் தொழுகையை ஏற்றுக்கொண்டு, ஜகாத்தைத் தர மறுத்தனர். தொழுகிறவர்களோடு எப்படிப் போரிடுவது என்று உமர் (ரலி) அவர்களே தயங்கினார்கள். தொழுகையையும் ஜகாத்தையும் பிரிப்பவர்களை விடமாட்டேன் என்று கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் உறுதியாக நின்றார்கள். அல்லாஹ்வுக்குத் தலை வணங்கிவிட்டு ஏழையின் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வதை அவர்கள் வணக்கமாகக் கருதவில்லை.

ஏழாண்டுகள் கழிந்தன. ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) மழை பொய்த்து, மண் சாம்பல் போலக் காற்றில் பறந்தது. 'ரமாதா ஆண்டு', அதாவது சாம்பல் ஆண்டு, என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பசித்த கிராமத்து அரபிகள் கூட்டம் கூட்டமாக மதீனாவுக்கு வந்து தங்கினர். அன்று கலீஃபாவாக இருந்தவர்கள் உமர் (ரலி) அவர்கள். வெளி மாகாணங்களுக்கு அவசர மடல்கள் பறந்தன. சிரியாவிலிருந்து அபூ உபைதா (ரலி) அவர்கள் ஒட்டகங்களில் உணவு கொண்டு வந்து சேர்த்தார்கள். மக்கள் வயிறார உண்ணும் வரை நெய்யையும் இறைச்சியையும் தொடுவதில்லை என்று கலீஃபா தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்கள். வெறும் எண்ணெயை உண்டு உண்டு அவர்களின் மேனி நிறமே கறுத்துப் போயிற்று என்பர்.

அந்த ஆண்டில் பசியால் திருடியவர்களின் கையை வெட்டும் தண்டனையை உமர் (ரலி) நிறுத்தி வைத்தார்கள். கால்நடை ஜகாத்தை வசூலிப்பதையும் தள்ளி வைத்து, மழை பெய்து நிலம் செழித்த பின்னரே ஆட்களை அனுப்பி இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பெற்றார்கள். ஜகாத்தை மறுத்தவர்களோடு போர் நடந்ததைக் கண்ணால் கண்டவர்களே ஜகாத்தை ஒத்தி வைத்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. கடமையை அவர்கள் ரத்துச் செய்யவில்லை. பசித்தவனிடம் போய்க் கேட்கவில்லை, அவ்வளவே. அதே வேளையில் அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மக்களோடு நின்று மழைக்காக இறைவனிடம் இறைஞ்சவும் செய்தார்கள். சோறு போட்டாயிற்று, துஆ எதற்கு என்று அவர்கள் எண்ணவில்லை. துஆ கேட்டாயிற்று, சோறு தானே வரும் என்றும் இருக்கவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடலோரத்தில் இல்லாத நம் ஒதியம்பட்டை ஆழிப்பேரலை தொடவில்லை. ஆயினும் நம் மாநிலத்தின் காரைக்கால் பகுதி நிலைகுலைந்தது. அதையொட்டிய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று நாகூர் தர்கா தன் வாயில்களைத் திறந்து, உயிர் தப்பி ஓடி வந்தவர்களுக்கு இடமளித்தது. இறந்தவர்களை அடக்குவதற்கும் தர்காவின் நிலம் கொடுக்கப்பட்டது. இந்து, கிறித்தவர், முஸ்லிம் என்று பாராமல் அங்கே அடக்கம் நடந்தது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தாரும் அக்கம்பக்கத்து மீனவ மக்களுக்குத் தங்குமிடமும் உணவும் தந்தனர். தர்கா வழிபாடு பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பிணங்களைக் கடற்கரையில் விட்டுவிட்டு அந்த விவாதத்தை நடத்த எவரும் துணியவில்லை என்பதே இங்கு நாம் குறிப்பிட விரும்புவது.

பெருமழை பெய்து சேறான ஒரு வெள்ளிக்கிழமையில், தொழுகைக்கு வாருங்கள் என்பதற்குப் பதிலாக வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கும்படி பாங்கு சொல்பவரிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறினார்கள். மக்கள் வியந்தபோது, தம்மினும் சிறந்த நபிகளாரே இவ்வாறு செய்துள்ளார்கள் என்றார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் தொடக்கத்தில், சங்கராபரணி பெருக்கெடுத்ததைக் கண்ட நமக்கு அந்தச் சேறு புதிதன்று.

ஆனால் அந்த அனுமதியின் முழுப்பொருள் நமக்கு விளங்கியது 2020இல்தான். மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பள்ளிவாசல்களில் ஜும்ஆ நின்றது. ஏப்ரல் 25 அன்று தொடங்கிய ரமலானில் தராவீஹ் தொழுகைக்கு வரிசைகள் நிற்கவில்லை. 2019இல் ஏறத்தாழ 25 லட்சம் பேர் நிறைவேற்றிய ஹஜ்ஜை அந்த ஆண்டு சவூதியில் இருந்தவர்களுள் மிகச் சிலரே நிறைவேற்றினர். பள்ளிவாசலைப் பூட்டுவது ஈமானின் பலவீனம் என்று அன்று நொந்துகொண்டவர்கள் இருந்தார்கள். அந்த நோவு நமக்கும் இருந்தது, அதை மறைப்பானேன்? ஆனால் அடுத்தவரின் உயிருக்கு ஊறு செய்யும் வரிசையில் நிற்குமாறு மார்க்கம் நம்மைப் பணிக்கவில்லை. தொழுகையும் நிற்கவில்லை, கூடத்துக்கும் திண்ணைக்கும் இடம் மாறியது. தந்தையைப் பின்பற்றிப் பிள்ளைகள் முதன்முறையாக வீட்டிலேயே தராவீஹ் தொழுத இல்லங்கள் பல.

நோன்புக் கஞ்சியும் அவ்வாறே இடம் மாறியது. தமிழ்நாட்டில் 2001 முதல் பள்ளிவாசல்களின் கஞ்சிக்கு அரசு அரிசி வழங்கி வருகிறது. 2020இல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் ஒதுக்கப்பட்டது. பள்ளியில் அடுப்பு மூட்டிக் கூட்டம் கூட்ட வழியில்லாததால், அந்த அரிசி கஞ்சியாகாமல் அரிசியாகவே வீடுகளுக்குச் சென்றது. கொண்டு போய்க் கொடுத்தவர்கள், மற்ற ஆண்டுகளில் பள்ளியில் கஞ்சி வாளியைத் தூக்கிய அதே ஜமாஅத்தார்கள்தாம்.