துறைமுக வாயிலில் விடிந்த பொழுதுகள்

தெல்தோட்டையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் தெரியாது. தேயிலை மலைகளும், அவற்றினிடையே வளைந்தேறும் பாதைகளும், மழைக்காலத்திற் கீழிறங்கிப் பாடசாலைக் கூரையையே மூடிவிடும் முகிலுந்தான் தெரியும். கடலைக் கண்ணாற் கண்டிராத மாணவர் எமது வகுப்பில் இன்றும் உளர். இரண்டாம் உலகப் போரைப் பற்றி நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அந்தச் சண்டையெல்லாம் கடலிலதானே நடந்திச்சு; நம்ம தோட்டத்துக்கு என்ன வந்திச்சு?" என்று கேட்டான். கேள்வி எளியது, ஆனால், பாடநூலில் அதற்கு விடை இல்லை. விடையைத் தேடிச் சென்றபோது நாம் போய்ச் சேர்ந்த இடம் கண்டியன்று. கொழும்புத் துறைமுகத்தின் வாயில்.

கண்டி மக்கள் போரை நினைவுகூரும்போது முதலிற் சொல்வது மவுண்ட்பேட்டன் பிரபுவின் பெயரையே. தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகத்தை 1944 ஏப்ரலில் அவர் தில்லியிலிருந்து இங்கே கொணர்ந்தார். பேராதனைப் பூங்காவின் மரநிழல்களில் அலுவலகக் கொட்டில்கள் எழுந்தன. பல நாட்டுச் சீருடைகள் கண்டி வீதிகளில் உலாவின. அதெல்லாம் உண்மையே. ஆயினும், இலங்கையைப் பொறுத்தவரை போரின் கடுமையான நாள்கள் அதற்கு இரண்டாண்டு முன்பே வந்து போய்விட்டன. அந்நாள்களிற் கடல்வாயிலைக் காத்து நின்றவை பெரும் போர்க்கப்பல்கள் மட்டுமல்ல. இழுவைப் படகுகளும், பழைய மீன்பிடிக் கப்பல்களும், திமிங்கில வேட்டைக்கெனக் கட்டப்பட்ட கலங்களும் நின்றன. அவற்றில் நின்றோர் இந்நாட்டவர்.

1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்றின் கீழ், 1938 தொடக்கத்தில், இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை உருவாயிற்று. 1939இற் போர் மூண்டதும் அது முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டது. தொண்டர் படையிடம் போர்க்கப்பல் என்று சொல்லத்தக்க ஒன்றும் இருக்கவில்லை. துறைமுகத்திற் பெருங்கப்பல்களை இழுத்துச் சென்றுகொண்டிருந்த 'சாம்சன்', 'கோலியாத்' என்னும் இரண்டு இழுவைப் படகுகளுக்குக் கண்ணிவாரும் கருவிகளைப் பூட்டிக் கொழும்பின் முன்கடலில் இறக்கினார்கள். விவிலியக் கதையின் பலசாலிகள் இருவரின் பெயரை இழுவைப் படகுகளுக்கு இட்டவரின் நகைச்சுவையை நாம் மெச்சுகிறோம். பின்னர் 'ஓவர்டேல் வைக்' என்னும் கப்பல் வந்தது. இலங்கை அரசாங்கம் முதன்முதலாக விலைகொடுத்து வாங்கிய கப்பல் அதுவே. அதன்பின் 'ஒகாப்பி', 'செம்லா', 'சம்பூர்', 'ஹொக்ஸா', 'பால்டா' ஆகியன சேர்ந்தன. 1943இற் பிரித்தானியக் கடற்படை இப்படையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு பெயரையும் மாற்றிற்று. எனினும், இக்கலங்களில் மாலுமிகளாய் நின்றோர் அனைவரும் இப்படையினரே.

கடற்கண்ணி என்பது யாது? வெடிமருந்து நிரப்பிய இரும்புக் கோளம். அடித்தரையிற் கிடக்கும் பாரமொன்றோடு கம்பியாற் பிணைக்கப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாமல் மிதந்துகொண்டிருக்கும். கப்பலின் அடிப்பாகம் முட்டினால் வெடிக்கும். கொழும்புக்கு இது புதியதன்று. முதலாம் உலகப் போரில், 1917 பெப்ரவரியில், 'வொல்ஃப்' என்னும் ஜேர்மன் கப்பல் வணிகக் கப்பல்போல் வேடமிட்டு வந்து கொழும்புக்கு வெளியே கண்ணிகளை இட்டுச் சென்றது. 'வூஸ்டர்ஷயர்', 'பேர்சியஸ்' என்னும் இரு கப்பல்கள் அம்மாதத்திலேயே அவற்றுக்கு இரையாயின. அதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு முன்னர் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய 'எம்டன்' தமிழ் மொழிக்கு ஒரு சொல்லையே தந்துவிட்டுப் போயிற்று. சூழ்ச்சியும் துணிவுமுடைய ஆளை 'அவன் எம்டன்' என்று நம் மக்கள் சொல்வது அதனால்தான். வொல்ஃபின் பெயரோ எவர் நாவிலும் இல்லை. ஓசையின்றிச் செய்த தீங்குக்கு ஊரில் நினைவு நிற்பதில்லை. ஓசையின்றிச் செய்த காவலுக்கும் அப்படியே.

கண்ணிவாரும் கப்பலின் நாள் விடியலோடு தொடங்கும். வெளியே காத்து நிற்கும் சரக்குக் கப்பல்கள் உள்ளே வருமுன், அவை வரும் பாதையைத் துடைத்துக் கொடுத்தாக வேண்டும். கப்பலின் பின்புறத்திலிருந்து நீண்ட எஃகுக் கம்பியொன்று கடலில் இறக்கப்படும். அதன் நுனியை ஒரு மிதவை தாங்கும். ஒரு பலகை அக்கம்பியைக் கப்பலுக்குப் பக்கவாட்டில் விலக்கிப் பிடிக்கும். மற்றொன்று அதனை வேண்டிய ஆழத்தில் அமிழ்த்தி வைத்திருக்கும். உழவன் நுகத்தைப் பூட்டிச் சால் பிடிப்பது போலக் கப்பல் நேர்கோட்டில் மெல்ல நகரும். கோடு முடிந்ததும் திரும்பி, முன்னைய கோட்டைச் சற்றே தழுவிக்கொண்டு அடுத்த கோடு. கம்பியிற் கண்ணியின் பிணைப்பு சிக்கினால், கம்பியிற் பொருத்திய வெட்டுங் கருவி அதனை அறுக்கும். கண்ணி மேலே மிதந்து வரும். தொலைவில் நின்று துப்பாக்கியாற் சுட்டு அதனை அழிப்பர்.

இதிலுள்ள இடுக்கண் ஒன்றை நாம் மறத்தலாகாது. துடைத்த பாதையிற் பின்னால் வருங் கப்பலுக்கு அச்சமில்லை. துடைக்கும் கப்பலோ துடைக்கப்படாத நீரிலே முதலாவதாய்ச் செல்கிறது. இழுக்கும் கம்பி அதன் பின்னால் இருக்கிறது; கண்ணி முன்னாலும் இருக்கலாம். ஆதலால், கண்ணி வாரும் வேளையில் மிதவையங்கியை அணிந்துகொண்டு, கூடுமானவரை மேற்றளத்திலேயே நிற்கவேண்டுமென்பது மாலுமிகளின் நடைமுறை. நெருப்பறையில் நின்றவனுக்கு மட்டும் அந்த வாய்ப்பு இல்லை. நாள்தோறும் சென்று நாள்தோறும் ஒன்றையுங் காணாமல் திரும்புவதே பெரும்பாலும் இத்தொழில். காணாத நாளிலும் அஞ்சித்தான் சென்றாக வேண்டும். போரைப் பற்றிய திரைப்படங்களில் இவர்களைக் காணாமைக்குக் காரணம் இதுவே போலும்.

கப்பலுக்குள் வாழ்ந்த வாழ்வும் எளிதன்று. தென்துருவத்தின் குளிருக்கெனக் கட்டப்பட்ட திமிங்கிலக் கப்பல்களை வெப்பவலயக் கடலில் ஓட்டினார்கள். பனிக்காற்றை வெளியே நிறுத்தவென அமைந்த அறைகள் இங்கே வெக்கையை உள்ளே நிறுத்தின. படுக்கைக்குக் கீழே பொறி அதிரும்; சட்டை உடலோடு ஒட்டும். நான்கு மணிநேரக் காவல், பின் ஓய்வு, மீண்டும் காவல். மாலையில் மட்டும் இரண்டு மணிநேரக் காவல்கள் இரண்டு. ஒரே ஆளுக்கு ஒரே நள்ளிரவுக் காவல் நாள்தோறும் வந்து விழாதிருக்கப் பிரித்தானியக் கடற்படை கண்ட வழி அது. குடிநீர் அளந்து தரப்படும். தகரத்தில் அடைத்த இறைச்சியும் தகரப் பாலும் கடலுணவின் நிலையான உறுப்புகள். மே மாதந் தொடக்கம் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புக் கடலைக் கலக்கும்போது, சிறு கப்பலின் அடுக்களையில் உலைவைப்பதே ஒரு வித்தை. அந்நாள்களிற் சுடச்சுடக் கிடைத்த ஒரே பொருள் தேநீராகவே இருந்திருக்கும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் முதன்முதலாகத் தேயிலையைத் தோட்டப்பயிராக்கிய லூல்கந்துரை, எமது ஊருக்கு அண்மையிலேயே இருக்கிறது. போர்க்காலத்தில் இலங்கைத் தேயிலையைப் பிரித்தானிய உணவு அமைச்சே மொத்தமாய் வாங்கிற்று. எம் தாய்மாரும் பாட்டிமாரும் கிள்ளிய கொழுந்து, அவர்கள் கண்டிராத கடலைக் கடந்துபோக, அவர்கள் கேட்டிராத கப்பல்கள் பாதை துடைத்தன.

இரவுக்காவல் வேறு வகை. நீர்மூழ்கியைத் தேடுங் கருவி கடலுக்குள் ஓர் ஒலியை அனுப்பும். எதன்மேலாவது பட்டால் எதிரொலி திரும்பும். காதிற் கேள்கருவியை மாட்டிக்கொண்டு, ஒரே ஒலியை மணிக்கணக்காய்க் கேட்டிருப்பதே ஒருவனின் வேலை. திரும்பி வருவது நீர்மூழ்கியா, திமிங்கிலமா, மீன்கூட்டமா என்று பிரித்தறிவது அவன் காதின் பொறுப்பு. தவறினால் வீணாய் ஒரு நீரடிக் குண்டு வெடிக்கும். செத்து மிதக்கும் மீன் அன்றைய கறிக்கு உதவும். திருகோணமலையிலோ இயற்கையே பாதிக் காவலைச் செய்துவிட்டது. மலைகள் சூழ்ந்த ஆழமான உட்துறை. அதன் வாயிலுக்குக் குறுக்கே இரும்பு வலைத் தடை கட்டி, கப்பல் வரும்போது திறந்து, போனபின் மூடினார்கள். வாயிற்கதவைத் திறந்து மூடும் வேலைக்கு வரலாற்றிற் புகழ் உண்டா?

1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்திற்குள்ளேயே கப்பல்கள் மூழ்கின. அதே நாளில் நடுக்கடலில் 'டோர்செட்ஷயர்', 'கோர்ன்வால்' என்னும் இரு பெருங் கலங்கள் அழிந்தன. 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மீஸ்' மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கியது. பெருங்கப்பற்படை மேற்கே பின்வாங்கிச் சென்றது. சிறு கப்பல்களுக்கோ பின்வாங்குவதற்கு வேறு துறைமுகமில்லை. அவற்றின் பணியே இத்துறைமுகந்தான். அவை எதிரியின் குண்டுகளுக்கிடையே நின்றதும், சுட்டு வீழ்த்தப்பட்ட யப்பானிய விமானங்களிலிருந்து பயன்தரு செய்திகளை மீட்டதும் பதிவாகியுள்ளன.

நம் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. இரங்கூனோடு அரிசியும் போயிற்று. 1942இற் பங்கீடு வந்தது. அரிசி குறையக் குறையக் கோதுமை மா அந்த இடத்தைப் பிடித்தது. சோறுண்ட குடும்பங்கள் மாவைப் பிசைந்து ரொட்டி தட்டப் பழகின. அந்த மாவும் எஞ்சிய அரிசியும் கப்பலில்தான் வந்தன; கப்பல் வரப் பாதை வேண்டும்; பாதையை விடியலில் ஒருவர் துடைத்தாக வேண்டும். 'ஒகாப்பி'யின் தளத்தில் நின்ற பெயரறியா மாலுமிக்கும், லயத்து அடுப்படியில் ரொட்டி சுட்டவளுக்கும் இடையே இப்படியொரு கயிறு ஓடிற்று. ஒருவரையொருவர் அவர்கள் அறியார். வெளியே ஆபத்து வெறுங்கதையுமன்று: 1944 பெப்ரவரி 12இல், மொம்பாசாவிலிருந்து கொழும்பை நோக்கி வந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்னும் துருப்புக் கப்பலை யப்பானிய நீர்மூழ்கி மாலைதீவுக்கு அருகிற் பிளந்தது. ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். அவர்களுட் கிழக்கு ஆபிரிக்கப் படைவீரரும் தாதியரும் இருந்தனர்.

துறைமுகத்தைத் துடைக்கவென்று வந்த இக்கப்பல்கள் தொலைவுக்கும் அனுப்பப்பட்டன. 1943 செப்டெம்பரில் இத்தாலி பணிந்ததும், யப்பானியரிடமிருந்து தப்பிக் கொழும்பை நோக்கி ஓடிவந்த 'எரித்திரியா' என்னும் இத்தாலியப் போர்க்கப்பலின் சரணடைவை ஏற்று, அதில் ஆளேற்றித் துறைக்குக் கொணர்ந்தோர் இத்தொண்டர்களே. பர்மாப் போர்முனை மீண்டும் திறந்தபோது, மீன்பிடிப் படகின் அமைப்பிற் கட்டிய இரு சிறு கலங்கள் துறைமுகப் பணிக்காக அக்கியாபுக்குச் சென்றன. திருகோணமலைக்கும் அக்கியாபுக்கும் இடையே ஏறத்தாழ 1,000 கடல்மைல். வங்காள விரிகுடாவை அத்தகைய கலத்தில் கடப்பது எத்தகையது என்பதைப் பேசாலை மீனவரையோ பருத்தித்துறை மீனவரையோ கேட்டால் நன்கு சொல்வர்.

இவ்வளவு செய்தவர்கள் எவ்வாறு நடத்தப்பட்டார்கள்? கொழும்புக் கப்பல்களைப் பற்றி நாம் எதையும் மிகைபடக் கூறோம். ஆனால், அதே கடலின் இரு நிகழ்ச்சிகளை இங்கே விடுதல் தகாது. கொக்கோஸ் தீவுகளைக் காக்க இலங்கைப் பீரங்கிப் படையினர் வைக்கப்பட்டிருந்தனர். மணலும் தென்னையும் சூழ்ந்த ஹோஸ்பர்க் தீவில் இரண்டு பீரங்கிகள், வேறு துணையில்லாத நாள்கள், ஓர் அதிகாரியின் கடுமை. 1942 மே 8 இரவு சிலர் கிளர்ந்தெழுந்தனர். அவர்களின் தலைவரான கிரேஷன் பெர்னாண்டோ ஏகாதிபத்தியத்தை வெறுத்த இளைஞர். கிளர்ச்சி அவ்விரவிலேயே முறியடிக்கப்பட்டது. அதிற் படையாள் ஒருவர் மாண்டார். ஆகஸ்டு 5ஆந் திகதி பெர்னாண்டோ வெலிக்கடையிலே தூக்கிலிடப்பட்டார். அடுத்த சில நாள்களில் இன்னும் இருவர். இரண்டாம் உலகப் போரிற் பொதுநலவாயப் படைகளில் கிளர்ச்சிக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டோர் இம்மூவர் மட்டுமே. அவர்கள் யப்பானியரை மீட்பராய்க் கருதியது பெரும் பிழை. யப்பானியர் ஆண்ட நாடுகளின் கதையை இன்று அறிவோம். ஆனால், அத்தீவில் அந்த நம்பிக்கையை விதைத்தது யார் என்ற கேள்வியை அந்தப் பிழை அழித்துவிடாது.

மற்றது, போர் முடிந்தபின் நடந்தது. 1946 பெப்ரவரி 18இல் பம்பாயில் 'தல்வார்' என்னும் பயிற்சித் தளத்தில் இந்தியக் கடற்படையினர் வேலைநிறுத்தஞ் செய்தனர். முதலில் எழுந்த முறையீடு விடுதலையைப் பற்றியதன்று. தட்டில் விழுந்த உணவைப் பற்றியது. அதனோடு ஊதிய வேற்றுமையும் தளபதியின் இழிசொற்களுஞ் சேர்ந்தன. சில நாள்களில் 78 கப்பல்களும் 20 கரைத்தளங்களும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளும் அதில் இணைந்தனர். பாய்மரத்தில் காங்கிரசு, முசுலிம் லீக், செங்கொடி மூன்றும் ஒருசேரப் பறந்தன. அரிசியும் பருப்பும் ரொட்டியும் அரசியலாகும் என்பதைத் தோட்டத்துக் கங்காணியும் துரையும் நன்கறிவர். கடற்படைத் தளபதிகள் அன்றுதான் அறிந்தார்கள்.

போர் முடிந்தபின் இலங்கைத் தொண்டர் படையினர் பெரும்பாலும் கலைந்து தம் வீடு திரும்பினர். 1950 டிசம்பர் 9இல் அரச இலங்கைக் கடற்படை பிறந்தபோது அதன் கருவாய் அமைந்தோர், அப்பழைய படையிலிருந்து வந்த ஏறத்தாழ நூறு பேர். திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியர் 1957 அக்டோபரில் ஒப்படைத்தனர். இடையில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், கப்பல்கள் சுமந்த தேயிலையைக் கிள்ளியவர்களை நாடற்றவராக்கியது. எமது மாணவனின் பாட்டனார் காலத்துக் கதை அது. அவன் வீட்டில் அதைச் சொல்லியிருக்கிறார்கள். கப்பலின் கதையைத்தான் எவரும் சொல்லவில்லை. பங்கீட்டுக் காலத்தின் 'கூப்பன்' என்ற சொல் போரின் பின்னும் நெடுநாள் நம் பேச்சில் தங்கிற்று. கோதுமை மாவும் லயங்களைவிட்டுப் போகவில்லை. அடுத்த பாடவேளையில் அவனிடம், காலையில் என்ன சாப்பிட்டு வந்தாய் என்று கேட்டோம். ரொட்டி என்றான்.