மாலை கழற்றிய மறுநாள்

மாலை கழற்றியவர் மலையிறங்கி முதலில் எங்கே போவார் என்று கேட்டால், நம் ஊர்களில் சிரித்துக்கொண்டே டாஸ்மாக் பக்கம் கை காட்டுவார்கள். கேலிதான். ஆனால் வீட்டில் இருக்கிறவளுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடி எடுக்கிறவர், ஒரு மண்டலமோ ஒரு வாரமோ, விடியலில் தலைமுழுகி, செருப்பை விட்டு, கறியையும் குடியையும் விட்டு இருந்தவர். சரவணப்பொய்கையில் குளித்து, மொட்டை போட்டு, புஷ்பக் காவடியைத் தோளில் ஏற்றிப் படியேறுகிறார். தரிசனம் முடிந்தது, மாலை கழன்றது. மறுநாள் காலை என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் குருசாமியும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதே 'மறுநாள்' கேள்வியோடு இன்று இன்னொரு கூட்டமும் மல்லுக்கட்டுகிறது. எந்த மாத்திரைக்கும் அசையாத மனச்சோர்வுக்குக் கெட்டமைன் கொடுக்கும் மனநல மருத்துவர்கள் அவர்கள். இது புது மருந்தல்ல. 1962இல் உருவாகி, 1970இல் அமெரிக்காவில் மயக்க மருந்தாக அனுமதி பெற்றது. நம் ஆபரேஷன் தியேட்டர்களுக்கும் பழகிய பெயர். போதைக்காகக் கைமாறத் தொடங்கியதால் இந்தியாவில் 2011இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்று கணக்கிட்டு 40 நிமிடம் நரம்பில் ஏற்றினால், சிலருக்குச் சில மணி நேரத்திலேயே மனப்பாரம் இறங்கிவிடுகிறது. பாரம் திரும்பி வருவதுதான் சிக்கல். ஒருமுறை ஏற்றியதன் பலன் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தேய்ந்துவிடும்.

இரண்டையும் அருகருகே வைத்தால் முதலில் தெரிவது வரிசை மாறியிருப்பது. விரதத்தில் பழக்கம் முன்னால், பரவசம் பின்னால். உச்சிக்குப் போனதும் பழக்கம் உதிர்கிறது. கெட்டமைனில் திறப்பு முன்னால். படுக்கையில் சாய்ந்து கிடப்பதைத் தவிர நோயாளி ஒன்றும் செய்யவில்லை. பழக்கத்தை அதற்குப் பிறகுதான் தேட வேண்டும். நரம்புச் செல்களுக்கிடையே புது இணைப்புகள் துளிர்க்க இந்த மருந்து தூண்டுவதால், அடுத்த சில நாட்கள் மூளை மழை பெய்த வயல்போல் இளகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஈரம் காய்வதற்குள் எதை விதைப்பது?

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா பிரைஸ் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தேடியது. மொத்தம் 154 பேர். மருந்து ஏற்றிய மறுநாளிலிருந்து நான்கு நாள், தினம் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கணினித் திரை முன் பயிற்சி. 'நான்' என்பதோடு நல்ல சொற்களையும் சிரித்த முகங்களையும் திரும்பத் திரும்பச் சேர்த்துக் காட்டுவதுதான் அது. அறிவுரையோ ஆலோசகரோ கிடையாது. மருந்தும் இந்தப் பயிற்சியும் சேர்ந்து பெற்றவர்களுக்கு 30 நாள் வரை பலன் நின்றது. மருந்தோடு பெயருக்கு ஒரு பயிற்சி பெற்றவர்களுக்கு அப்படி நிற்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது டீக்கடை. மாலை போட்ட அன்றிலிருந்து அந்த மனிதருக்குப் பெயர் கிடையாது. "சாமி, டீயா பாலா?" என்கிறார் கடைக்காரர். பெற்ற மகளும் "சாமி" என்றுதான் கூப்பிடுகிறாள். நேற்று வரை 'அந்தக் குடிகாரன்' என்றிருந்தவரை, ஊரே ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வேறொருவராக அழைக்கிறது. பிட்ஸ்பர்க்கில் திரை செய்கிற வேலையை இங்கே தெரு செய்கிறது. அங்கே நான்கு நாள், இங்கே ஒரு மண்டலம். ஆனால் மாலை இறங்கிய நிமிடமே தெருவும் தன் பயிற்சியை நிறுத்திவிடுகிறது, மறுபடி 'டேய்'. மனிதர் விழுந்தால் பழி அவர் மேல்.

குடியையே எடுத்துக்கொண்டாலும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1985 வாக்கில் லெனின்கிராடில் எவ்கெனி குருபிட்ஸ்கி குடிநோயாளிகளுக்குக் கெட்டமைனோடு உளவியல் சிகிச்சையையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். முன்னால் ஆயத்தம், பின்னால் கூட்டு உரையாடல். 1997இல் அவர் தந்த கணக்கில், இப்படிச் சிகிச்சை பெற்ற 111 பேரில் 73 பேர் ஓராண்டுக்கு மேல் குடியைத் தொடவில்லை. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 24 சதவீதம். இன்றைய கண்டிப்பான அளவுகோலில் அந்த எண்களை அப்படியே நம்ப முடியாது. ஆனாலும் முன்னும் பின்னும் வேலி போட்டார் என்பதைக் கவனிக்கத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வு பக்திக் குறைவால் வருவதில்லை. காவடியை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

பழக்கத்தை மாற்றுவதில் திருத்தணிக்குத் தேர்ச்சி இல்லாமல் இல்லை. ஜனவரி முதல் தேதி வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்து எலுமிச்சம்பழம் கொடுத்து வாழ்த்தும் வழக்கம் இருந்தது. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 'போகாதே' என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. 1917இல் அதே நாளுக்கு வேறு வேலை கொடுத்தார். டிசம்பர் 31 இரவு, ஆண்டின் நாட்களுக்கு ஈடான 365 படிகளிலும் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறி, துரைகளுக்கெல்லாம் துரையான முருகனை வணங்குவது. பழைய பழக்கம் இருந்த இடத்தைக் காலியாக விடவில்லை. படித் திருவிழா இன்றும் நடக்கிறது.

கெட்டமைன் வரிசைக்கு, அதாவது திறப்பு முன், பழக்கம் பின் என்பதற்கு, இந்த மலையிலேயே ஓர் உதாரணம் உண்டு. காசியிலிருந்து திரும்பிய முத்துசுவாமி தீட்சிதர் வாயில் இங்கே ஒரு முதியவர் கற்கண்டைப் போட்டு மறைந்தார் என்பது மரபுக் கதை. அந்த இனிப்பில் பிறந்தது 'ஸ்ரீ நாதாதி குருகுஹோ' என்ற கிருதி. கதையை நம்பலாம், விடலாம். எனக்கு முக்கியம் கற்கண்டு கரைந்த பிறகு நடந்தது. எட்டு வேற்றுமைகளுக்கும் குருகுஹன் என்கிற முருகன் மீது கிருதிகள், பிறகு எந்த ஊர்த் தெய்வத்தைப் பாடினாலும் உள்ளே 'குருகுஹ' முத்திரை. 1835இல் எட்டயபுரத்தில் கண்மூடும்வரை அதை விடவில்லை.

திருத்தணி என்ற தலப்பெயரும் உச்சத்துக்குப் பிந்தைய மறுநாளைத்தான் சொல்கிறது. சூரனோடு முருகனின் போர் திருச்செந்தூரில் நடந்தது. சினம் தணிந்தது இங்கே. அதனாலேயே கந்தசஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, பூச்சொரிவதுதான்.

மாலை இறங்கிய பிறகும் சிலர் மாதக் கிருத்திகையை விடுவதில்லை. 27 நாளுக்கொரு முறை வருவது அது. பிட்ஸ்பர்க்கின் 30 நாளோடு ஏறக்குறைய ஒத்துப்போவது தற்செயல்தான். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்து, படியேறி, இறங்கி, ஸ்டேஷன் பக்கம் டீ குடிக்கிறார்கள். கழுத்தில் மாலை இல்லை. கடைக்காரருக்கு ஆள் பழக்கம். கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்கிறார்: "சாமிக்குச் சர்க்கரை கம்மிதானே?"