அனுமதிப்பத்திரமும் உரிமமும்

இலங்கையின் ஹட்டனில் முச்சக்கரவண்டி ஓட்டுபவர் வைத்திருப்பது சாரதி அனுமதிப்பத்திரம். அதையே தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமம் என்கிறார்கள்.

‘அனுமதி’, ‘பத்திரம்’ இரண்டும் வடசொற்கள். பத்திரம் முதலில் இலையைக் குறித்தது. ஓலையில் எழுதும் வழக்கத்தால் ஆவணமாயிற்று. ‘உரிமம்’ பிற்காலச் சொல்லாக்கம் என்றாலும் அதன் வேரான ‘உரி’ பழையது. தொல்காப்பியத்தில் உரியியல் என்றே ஓர் இயல் உண்டு. உரிமை உடையவருக்குச் சொந்தம். அதில் ஒரு பங்கை நிபந்தனையோடு பிறருக்குத் தருவது உரிமம்.

வரைபடச் செயலி செய்பவர்களுக்கு உரிமைக்கும் உரிமத்துக்குமான இந்த வேறுபாடு உயிர்நாடி. கூகுள் வரைபடத்தை இணைக்கச் சாவி பெற வேண்டும். பயன்பாடு கூடினால் கட்டணம். படங்களை மொத்தமாக இறக்கிச் சேமிக்கவும் விதிகள் இடம் தருவதில்லை. இணைய இணைப்பு அறுந்துபோகும் தேயிலை மலைகளில் இது பெரிய தடை.

பலர் கூடி உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் தரவு 2012 செப்டம்பர் முதல் திறந்த தரவுத்தள உரிமத்தில் கிடைக்கிறது. தரவை இறக்கலாம், இணையமில்லாமல் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். பங்களித்தோரைக் குறிப்பிட வேண்டும். தரவைத் திருத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில் தர வேண்டும். ஆனால் அதன் பொது வழங்கியிலிருந்து படங்களை மொத்தமாக இறக்கக் கூடாது. தரவுக்கு ஒரு விதி, வழங்கிக்கு இன்னொரு விதி!

தேயிலைத் தோட்டங்களின் லயன் வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டத்து முகவரிக்கே வருகின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இந்த இடங்களைப் பதியலாம்; தமிழ்ப்பெயருக்கெனத் தனிப் புலம் உண்டு. நுவரெலியா மாவட்ட இளைஞர்கள் தங்கள் தோட்டப் பிரிவான டிவிசனின் பெயரைத் தமிழில் பதிய வேண்டும். வேறு வரைபடத்தைப் பார்த்து எழுதாமல், நேரில் அறிந்ததையே எழுதுங்கள். பிற வரைபடங்களின் உரிமத்தை மதிப்பதும் அதுதான்.