இருபத்தோரு இலக்கங்களும் ஒரு மௌனமும்

பாரிஸில் வாழ்ந்த மெர்சென் என்னும் கிறித்தவத் துறவி, 1644இல் தம் நூலொன்றின் முன்னுரையில் ஒரு சிறு பட்டியலைத் தந்தார். 2-இன் அடுக்குகளிலிருந்து 1-ஐக் கழித்தால் சிலபோது பகா எண் கிடைக்கும். 257 வரை எந்தெந்த அடுக்குகள் அவ்வாறு பகா எண் தரும் என்று அவர் பதினொன்றைக் குறிப்பிட்டார். 67 அவற்றுள் ஒன்று. நிறுவல் எதையும் அவர் தரவில்லை. ஆயினும் அப்பட்டியல் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் மதிப்புடன் நிலைத்தது.

67ஆம் அடுக்கு தரும் எண் 147573952589676412927. இருபத்தோரு இலக்கங்கள். இதை நேர்வழியில் சோதிக்க ஏறத்தாழ 1,200 கோடி வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். காரணி ஏதேனும் இருந்தால் அது 134-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்ற விதி வேலையைக் குறைக்கிறது. அப்போதும் எஞ்சுபவை ஏராளம்.

1876இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா வேறொரு வழி கண்டார். பின்னாளில் லேமர் செம்மைப்படுத்திய வடிவில் அது எளியது: 4-இல் தொடங்குங்கள், வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள், நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் அதையே செய்யுங்கள். 65 படிகளின் முடிவில் மீதி சுழியமானால் அது பகா எண். லூக்கா தம் முறையால் மெர்சென் பிழைபட்டதைக் காட்டினார். ஆனால் காரணிகள் எவை என்பதை அச்சோதனை சொல்லாது. குற்றம் உறுதியாயிற்று, குற்றவாளியைக் காணோம்.

அந்நிலை 27 ஆண்டுகள் நீடித்தது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்தார். ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் 2-இன் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு 1-ஐக் கழித்தார்; பக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. அவையோர் கைதட்ட, அவர் மௌனமாகவே அமர்ந்தார். இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னர் கேட்டபோது, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். இவ்வாறு எழுதிவைத்தவர் ஈ.டி. பெல், அவர் கதைகளுக்கு மெருகேற்றுவதில் பெயர்பெற்றவர். மௌனத்தை ஐயுறலாம், பெருக்கலை ஐயுற இடமில்லை. தாளும் எழுதுகோலும் கொண்டு எவரும் ஒரு மாலைப்பொழுதில் சரிபார்க்கலாம்.

இங்குதான் இவ்வெண்ணின் உண்மையான பாடம் உள்ளது. பெருக்குவது எளிது, பகு எண் என்று அறிவதும் இயலும், பிரிப்பதே கடினம். 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மேன் மூவரும் இந்த ஏற்றத்தாழ்வின்மீதே தம் மறைகுறியீட்டு முறையைக் கட்டினர். கோலின் எண்ணை இன்றைய கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் பிரித்துவிடும். அறுநூறு இலக்கங்கள் கொண்ட எண்ணைத் தக்கவாறு தேர்ந்தெடுத்தால், அதே கணினி லூக்காவைப் போல ‘இது பகு எண்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். ஒன்று பொய் என்று அறிவதற்கும் அது எவ்வாறு பொய் என்று காட்டுவதற்கும் இடையேயுள்ள தொலைவைக் கோல் ஞாயிறு ஞாயிறாக நடந்து கடந்தார்.